கதவைத் திறந்து வைத்துவிட்டு அழைப்போம்

இளவயதுக் கர்ப்பத்தைக் குறைக்க ஊடகப் பிரசாரம் வேண்டும் என்ற பேச்சு நம் துறைக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அந்தப் பிரசாரம் யாரை எந்தக் கதவுக்கு அனுப்பப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். அமெரிக்காவில் எம்டிவி 2009இல் தொடங்கிய ‘16 அண்ட் பிரெக்னன்ட்’ நிகழ்ச்சியால், அடுத்த 18 மாதங்களில் பதின்ம வயதுப் பிறப்புகள் 4.3 சதவீதம் குறைந்தன என்று கேர்னி, லெவின் என்ற பொருளியலாளர்கள் 2015இல் எழுதினார்கள். பின்னர் ஜேகர், ஜாய்ஸ், கெஸ்ட்னர் ஆகியோர் அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, அந்த முடிவு நிற்காது என்றார்கள். எனக்கு அதைவிட நம்பகமாகத் தெரிவது தன்சானியா. அங்கே குடும்பத் திட்டமிடலைப் பற்றி 1993இல் தொடங்கிய ‘ட்வெண்டே ந வகாடி’ வானொலி நாடகத்தை டொடோமா பகுதியில் மட்டும் இரண்டு ஆண்டுகள் ஒலிபரப்பாமல் நிறுத்தி ஒப்பிட்டார்கள். கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர்களிடம் எதைக் கேட்டு வந்தீர்கள் என்று விசாரித்தும் பதிந்தார்கள். நாடகத்தைக் கேட்டவர் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அந்த இடம் எது? கிளினிக் சுவரில், நிறுவைத் தராசுக்கு மேலே, காதலை விட்டுப் படிப்பைக் கவனி என்ற தொனியில் ஒரு சுவரொட்டி இருக்கும். அதற்குக் கீழே திரிபோஷா சத்துமாவுக்கு நிற்பவர்கள் ஏற்கெனவே தாயானவர்கள். படிப்பை விட்ட பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, ஒருவனோடு போய் லய வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்குகிறாள். பொதுத் திருமணச் சட்டப்படி 1995 முதல் 18 வயதுக்குமுன் பதிவுத் திருமணம் இல்லை என்பதால், அது பதிவாகாத வாழ்க்கை. மாமியார் வீட்டில் வருஷத்துக்குள் பிள்ளை எதிர்பார்ப்பார்கள். அவளுக்குக் காதல் எச்சரிக்கை காலம் கடந்தது. முதற் பிள்ளையைத் தள்ளிப் போடலாம், அதற்கு வழி உண்டு என்ற ஒரு சொல்தான் தேவை. அதைக் கேட்கவேண்டியவள் அவள் மட்டுமல்ல, அவனும் மாமியாரும்கூட. மருத்துவ மாதின் பதிவேடு தம்பதிகளையும் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் மையமாக வைத்தது என்பதால், கர்ப்பமாகும்வரை இவள் அதில் ஏறாமலே போகலாம். வேலை நாளில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். போன் வீட்டுக்கு ஒன்றுதான் என்றால், அதில் வரும் காணொளியை அவள் தனியாகப் பார்க்கவும் முடியாது.

கலியாணமாகாத பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோரும் சில ஆசிரியர்களும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்யவேண்டாம். ஆனால் ஆதாரம் அதன் பக்கம் இல்லை. முறையான பாலியல் கல்வி உறவைத் தொடங்கும் வயதை முன்னுக்கு இழுப்பதில்லை என்பதே யுனெஸ்கோவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி தொகுத்த ஆய்வுகளின் முடிவு. வறுமையும் பாதியில் நின்ற படிப்பும் வெளிநாடு போன தாயும்தான் காரணம், வானொலி என்ன செய்யும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதில் பாதிக்கு மேல் உண்மை. பிரசாரம் சம்பளத்தை உயர்த்தாது, பள்ளிக்கூடம் கட்டாது. இருக்கிற சேவையை ஒருத்தி ஒரு வருஷம் முன்னதாகத் தேடி வரச் செய்யலாம், அவ்வளவுதான். பிரசாரத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு: பதினாறுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உறவுக்குச் சம்மதித்தாள் என்றாலும் சட்டத்தின்முன் அது வன்புணர்வு. அங்கே அவளுக்கு அறிவுரை சொல்லும் சுவரொட்டி குற்றத்தை இடம் மாற்றி வைக்கிறது. அந்தச் செய்தி ஆண்களை நோக்கியே பேசவேண்டும்; 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தோடு பேசவேண்டும்.

அடுத்த சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்குமுன், வேலை முடிந்த பிறகு உங்கள் பிரிவில் எந்த நாள், எத்தனை மணிக்கு ஒரு பெண் தனியாக வந்து பேசலாம் என்பதை முடிவு செய்து அதிலேயே போடுங்கள். வந்தவளிடம் யார் சொல்லி வந்தாய் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால் இந்த இதழுக்கு அனுப்புங்கள்.