துண்டுச் சீட்டும் தொலைபேசி எண்ணும்

தைப்பொங்கலுக்கு ஹட்டனுக்குப் போயிருந்தேன். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா, தமது கையடக்கத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "ஓயாம ஏதோ வந்துக்கிட்டே இருக்கு தம்பி. என்னா எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். மாதத் தவணையில் தொலைக்காட்சிப் பெட்டி, பிணையில்லாக் கடன், அடகு நகைக்குக் கூடுதல் பணம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகள். யாவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அக்காவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். கடன் தரும் நிறுவனமொன்றின் செய்தி அவரைப் பெயர் சொல்லி அழைத்திருந்தது. அந்தப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பிழைகளைத் துரத்துவது பத்திரிகைக்காரனின் பழக்கம். விசாரித்தேன். தீபாவளிக்கு முன்னர் நகரத்துக் கடையொன்றில் அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக்கென்று ஒரு படிவம் நிரப்பியிருக்கிறார்கள். அதன் அடித்துண்டை அக்கா பத்திரமாக வைத்திருந்தார். அதே பெயர், அதே பிழை! "பேரு, கார்டு நம்பரு, போன் நம்பரு, வீட்டில எத்தன பேரு வேல செய்யிறாங்க, எல்லாம் கேட்டாங்க. சொன்னேன். ஒரு வாளி குடுத்தாங்க" என்றார்.

ஒரு எழுத்துப் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது என்பதை அறிவேன். ஆனால் வீட்டுப் பாவனைப் பொருள் விற்கும் கடையிலிருந்து கடன் கொடுப்போரின் மேசைக்கு அந்தப் பெயர் தானாக நடந்து போயிருக்காது.

மலையகத்துக்கு இது புதிய கதையன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இங்கே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைச் செலுத்தினால் இவரை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். தொழிலாளியைப் பற்றிய ஒரு தகவல், அவருடைய கடன் தொகை, தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. தகவலோடு ஆளும் கைமாறினார். 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறைக்கு முடிவு கட்டியது. அன்று கங்காணியின் கையிலிருந்த சீட்டு, இன்று கணினியில் ஒரு பட்டியலாகியிருக்கிறது. ஆளைக் கட்டிவைக்கும் வலிமை இந்தப் பட்டியலுக்கு இல்லைதான். ஆயினும் யாருக்குப் பணமுடை, யாரிடம் நகை இருக்கிறது, எந்த வீட்டில் எத்தனை சம்பளம் என்பதைத் தெரிந்துகொண்டு கதவைத் தட்டுபவனுக்கு அதுவே திறவுகோல்.

நம் மக்கள் ஏன் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறார்கள்? படிப்பின்மை என்று கொழும்பு நண்பர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. தம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையே என்று பல பத்தாண்டுகள் ஏங்கிய சமூகம் இது. படிவத்தை நீட்டி ஒருவர் பெயர் கேட்டால், அதை மறுப்பதற்கல்ல, மகிழ்வதற்கே அது பழகியிருக்கிறது. விளம்பரக்காரர்கள் அறுவடை செய்வது இந்த மகிழ்ச்சியைத்தான்.

தரவு திரட்டுவதே தீது என்று நான் சொல்லவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இல்லாவிட்டால், நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதமாக இருக்கையில் பெருந்தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம் என்பதை எவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணைக் காட்டித்தான் வீடும் பள்ளியும் சம்பளமும் கேட்கிறோம். அங்கே திரட்டப்பட்டது பொதுத் தேவைக்கு. தனி ஆளின் பெயர் வெளியே வருவதில்லை. கடைப் படிவத்திலோ பெயர்தான் சரக்கு. சீட்டிழுப்புக்கென்று வாங்கிய தகவலைச் சீட்டிழுப்போடு நிறுத்திக்கொள்ளாததே குற்றம்.

இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய நோயுமன்று. முகநூல் பயனர் 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்குப் போன விவகாரம் 2018இல் உலகையே உலுக்கியது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. பாரிஸிலோ பெர்லினிலோ வாழும் தமிழர் ஒருவர் 'எனக்கு விளம்பரம் அனுப்பாதே' என்று எழுதினால் நிறுவனம் நிறுத்தியே ஆகவேண்டும். இலங்கைப் பாராளுமன்றமும் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. அதே ஆண்டில் திருத்தச் சட்டம் ஒன்றும் வந்தது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் இதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றன. லயத்துக்கு அதன் வாசனையே எட்டவில்லை.

எட்டச் செய்வதற்கு மூன்று காரியங்கள் போதும். பெயர் கேட்கும் படிவம் கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யாருக்குக் கொடுப்போம் என்று அதிலேயே எழுதியிருக்கவேண்டும். 'வேண்டாம்' என்று தமிழில் ஒரு சொல் அனுப்பினால் செய்திகள் நிற்கவேண்டும். சம்பளத்துக்காக மேடை போடும் தொழிற்சங்கங்கள் இதற்காகவும் ஒரு நாள் பேசலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் ஒரு பாட நேரம் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் வீட்டில் தாய்மாருக்குச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் நீங்களும் சொல்லலாம்.

அன்று மாலை நான் இவற்றையெல்லாம் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், வாசலில் தண்ணீர் நிரம்பியிருந்த சிவப்பு வாளியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இதத் திருப்பிக் குடுத்தா நிறுத்திருவாங்களா தம்பி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.