வீடு திரும்புவதும் ஆட்டம்தான்
மைன்கிராஃப்ட் சர்வைவல் சர்வர்களில் ஆட்டக்காரரை நொடியில் வீடு சேர்க்கும் ‘ஹோம்’ கட்டளை வெறும் வசதிதான், வேண்டாதவர் நடந்து போகட்டும் என்கிறார்கள். இந்த வாதம் நிற்காது.

சுரங்கத்தின் அடியில் பை நிறைய வைரம், பாதி உயிர், பின்னால் வெடிக்கும் அரக்கன் கிரீப்பர். கட்டளை தட்டினால் வீடு என்றால் அங்கே ஆபத்து ஏது? செத்தால் சிதறும் பொருள் 5 நிமிடத்தில் மறையும் என்ற பயமே போய்விடுகிறது.

ஆட்டத்தின் பாதாள உலகமான நெதரில் 1 கட்டம் நகர்ந்தால் மேலுலகில் 8 கட்டம். இந்தக் கணக்கை நம்பித்தான் ஆட்டக்காரர்கள் கூடிப் பாதை வெட்டி, நீலப் பனிக்கட்டி பரப்பிப் படகு விடுகிறார்கள். எல்லோரும் நொடியில் வீடு சேர்ந்தால் அதை யார் வெட்டுவார்?

பயணத்தை ஆட்டமாகவே வைத்திருக்கும் இன்னொரு ஆட்டமும் உண்டு. 2021இல் வந்த வால்ஹைமின் வழக்கமான விதிப்படி, சாதாரண மாய வாசலில் ஆள் போகலாம், செம்பும் இரும்பும் போகாது. கடல் தாண்ட அவற்றைக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும்.

நேரமில்லாதவர்களின் குறை நியாயமானதே. அதற்கு, ‘ஹோம்’ கட்டளையைத் தரும் எசென்ஷியல்ஸ்எக்ஸ் செருகுநிரலிலேயே வழியுண்டு: சில நொடி காத்திருக்க வைக்கலாம், அதற்குள் நகர்ந்தாலோ அடிபட்டாலோ பயணம் ரத்து.