பொன்னாடையை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் தாருங்கள்



நம்மூரில் ஒரு புத்தகம் வெளிவந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, நயவுரை, முதற்பிரதி வாங்கும் தனவந்தர், வரிசையாகப் பொன்னாடை, இடையில் ரோல்ஸும் பிளேன்டீயும். எழுதியவர் ஏற்புரைக்கு எழும்பும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும். அடுத்த நாள் முகநூல் நிறையப் படங்கள். புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று இங்கே கேட்கப் போவதில்லை, அது வேறு சண்டை. இன்றைய சண்டை இதுதான்: அந்த மேடைக்குக் கவிதைத் தொகுப்பு வருகிறது, கட்டுரைத் தொகுப்பு வருகிறது, பாடசாலை மலர் வருகிறது. நாவல் மட்டும் ஏன் அத்திப்பூவாக இருக்கிறது?

திறமை இல்லை என்பதை ஏற்க மாட்டோம். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாறு சொல்வது சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யை. அவர் கண்டியில் சட்டத் தொழில் பார்த்தவர், 1882இலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அலைந்தவர். அவருக்கு நம்மைவிட ஓய்வு அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. கதை எழுதுவது வெட்டி வேலை, பொய் சொல்லும் வேலை என்று பேசுகிற சிலரும் இந்த மனிதரைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நல்லது.

நாங்கள் நான்கு பேர், நான்கு பேரும் ஆசிரியர்கள், அதில் இருவர் பெண்கள். எல்லோருக்கும் இது முதல் நாவல். எழுதத் தொடங்கிய பிறகு எங்களுக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. கவிதையை இரண்டு பாடவேளைக்கு நடுவில் எழுதிவிடலாம், கட்டுரையை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். நாவல் அப்படி வராது. அதற்கு ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம் வேண்டும். மூன்று நாள் விட்டால் பாத்திரங்கள் முகம் திருப்பிக்கொள்கின்றன. கதையில் வரும் மாமி போன அத்தியாயத்தில் ஏன் கோபித்தாள் என்பதே மறந்துபோகிறது.

"மூட் வரணுமே சேர்" என்பார்கள். எட்டாம் வகுப்புக்கு மூட் வந்தால்தான் போவேன் என்று எந்த ஆசிரியராவது அதிபரிடம் சொன்னதுண்டா? ஏழரை மணிக்கு மணி அடித்தால் போகிறோம், போனபிறகு பாடம் வருகிறது. கலாசாலையில் நாற்பது நிமிடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய நாங்கள், எழுத்தென்று வந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்ன நியாயம்? குறைவானாலும் விடாமல் செய்யும் அமலின் சிறப்பை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தேகாலிலிருந்து ஆறேகால் வரை. ஒரு நாளைக்கு கொப்பியில் ஒரு பக்கம், ஏறத்தாழ 150 சொல். கிழமைக்கு ஐந்து நாள். வருடத்தில் 45 கிழமை போதும், நோன்புக்கும் பரீட்சைக்கும் வருத்தத்துக்கும் ஏழு கிழமையைக் கழித்துவிடுங்கள். 225 பக்கம், 33,750 சொல். ஒரு சிறிய நாவலின் முதற்பிரதி அது. இரவில் எழுதிப் பார்த்தவரும் எங்களில் இருக்கிறார். இஷாவுக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது திருத்தாத பரீட்சைத் தாளும் தூக்கமும்தான். ஃபோன் மற்ற அறையில் கிடக்க வேண்டும். முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தக் கூடாது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் முகநூலில் போட்டு லைக் எண்ணவும் கூடாது. (இந்தப் பதிவு வெள்ளிக்கிழமை எழுதியது. வெள்ளி எங்கள் அட்டவணையில் இல்லை, யாரும் கொமெண்டில் வந்து பிடிக்க வேண்டாம்.)

நஜீப் மஹ்ஃபூஸ் 1988இல் நோபல் பரிசு வாங்கினார் என்று பெருமையாகப் போஸ்ட் போடுகிறோம். அவர் 1971இல் ஓய்வு பெறும்வரை எகிப்து அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர், அதில் பல வருடங்கள் வக்பு அமைச்சில். கெய்ரோவின் மூன்று பெரிய நாவல்களையும் அலுவலகம் போய்வந்துகொண்டுதான் எழுதினார். தோப்பில் முஹம்மது மீரான் வியாபாரியாக இருந்தவர். ஆகவே உத்தியோகம் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

நம்மூரில் ஒருவர் காலையில் ஒரு மணித்தியாலம் ஓடப் போனால் "மாஷா அல்லாஹ், உடம்பைப் பார்க்கிறார்" என்கிறோம். அதே மணித்தியாலம் கதவைச் சாத்தி எழுதினால் "சேருக்கு என்ன பிரச்சினை?" என்று வீட்டில் வந்து விசாரிக்கிறோம். டியூஷன் எடுத்தால் சம்பாதிக்கிறார், எழுதினால் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பவரிடம் எந்த வேலையையும் கொடுக்கலாம் அல்லவா? விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்பு, கலியாணத்துக்கு வாழ்த்துமடல், மௌத்தானவருக்கு இரங்கலுரை, அரசியல்வாதிக்கு வரவேற்புப் பத்திரம். ஊரின் இலவச எழுதுவினைஞராக ஆக்கிவிட்டு, "எப்ப நாவல் வரும்?" என்று சந்தியில் நின்று கேட்கிறோம்.

ஆண்களுக்கு இதுவென்றால் டீச்சர்மாரின் கதை வேறு. எங்களில் ஒரு ராத்தா நான்கு மணிக்கு எழும்புகிறார். அடுப்பு, பிள்ளைகளின் சாப்பாடு, மாமியின் மருந்து, ஏழு மணிக்குப் பாடசாலை, பின்னேரம் மீண்டும் குசினி. நாங்கள் நால்வரில் நன்றாக எழுதுபவர் அவர். வீட்டுக்குள் நடப்பது, சீதனக் காணி எப்படிக் கைமாறுகிறது, விதவைக்கு யார் என்ன சொல்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஆனால் கிழமைக்கு இரண்டு பக்கம் வந்தாலே அதிசயம். தமிழ்நாட்டில் ஸல்மா குளியலறையில் ஒளிந்து கவிதை எழுதினார் என்பதைப் பெரிய வீரக்கதையாகச் சொல்கிறோம். அது அந்த ஊருக்கு அவமானம். நம்மூரில் யாரும் ஒளிய வேண்டியதில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய காக்காமார் இருந்தால், நாளைக் காலை தேத்தண்ணியை அவர்களே போடட்டும். மனைவி எழுதும் மேசையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். இன்று எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை. 1990இல் என்ன நடந்தது என்று அறிக்கைகள் இருக்கின்றன. அந்த இரவுகளில் உம்மாமார் எதை மூட்டை கட்டினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பது மூத்தவர்களின் வாயில்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு ஜனாஸாவோடு அதுவும் மையவாடிக்குப் போகிறது.

வாசகர் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஒரு வெளியீட்டு விழாவைக் குறையுங்கள். அந்தக் காசில் கொப்பியும் ஒரு நல்ல மேசை விளக்கும் வாங்கி, எழுதுகிற நாலு பேருக்குக் கொடுங்கள். நூலக வாசிகசாலையில் ஒரு மூலையைப் பின்னேரம் பெண்களுக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் நால்வரும் கூடுகிறோம். கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பக்கம்? யாரும் வரலாம். கொப்பியோடு வாருங்கள். தலைப்பையும் அட்டைப்படத்தையும் தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.