கஞ்சமலை இரும்பும் கடன்சொற் கூட்டமும்

இரும்பு நிலத்துள் எவ்வாறு விளைந்தது என்பதைத் தமிழில் எழுத இயலாதாம்! எழுதினும் 'உலோகம்' என்று வடசொல்லை இரந்தே எழுதவேண்டுமாம்! 'மாழை' என்னும் சொல் அகரமுதலிகளில் இருப்பதை இக் கடன்சொற் கூட்டம் கண்டதில்லை போலும்.

மாழை நிலத்தோடெங்கும் விரவிக் கிடக்கின்றது. எடுக்குமளவிற்குத் திரண்டிருப்பது சிலவிடத்தே. பொதுவாகப் பாறையில் இரும்பு நூற்றுக்கு 5 பங்கே. செம்போ பத்தாயிரத்தில் ஒரு பங்குமில்லை. சிதறியதைத் திரட்டுவது வெப்பமும் நீருமாம். ஆழத்துக் கொதிநீர் பாறைப் பிளவுகளில் ஏறித் தணிகையில், கரைத்து வந்த பொன்னை வெண்கல்லோடு இறக்கிவிடும். கோலார்ப் பொன் அவ்வாறு விளைந்ததே. (2001-இல் மூடப்படும்வரை அதனை அகழ்ந்து கற்றூளால் நெஞ்சு நைந்தவருள் பெரும்பாலோர் தமிழர்!)

சேலத்தை அடுத்த கஞ்சமலையோ கடல் ஈன்ற மலை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன், காற்றில் உயிர்வளி இல்லாமையால், இரும்பு கடல்நீரில் கரைந்தே கிடந்தது. நுண்ணுயிர்கள் உயிர்வளியை வெளியிட, இரும்பு துருவாகி அடியிற் படிந்தது என்பர் நிலநூலார். இரும்பு ஓரடுக்கு, மணற்சத்து ஓரடுக்கு எனப் படிந்தவை பின்னர் ஆழத்தில் அழுந்தி, வெந்து, ஈர்ப்பிரும்புக் கல்லாயின. அதில் இரும்பு நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்கு. இவ்வளவையும் சொல்ல எந்த அயற்சொல் தேவைப்பட்டது?

இரும்பைப் பிறர் கற்பிக்க வேண்டிய இனமுமன்று இது. சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டை எட்டுவதாகத் தமிழ்நாட்டரசு 2025-இல் அறிக்கை வெளியிட்டது. கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்துளது.

அவ்வினம் 1967-இல் சேலத்துக்கு உருக்காலை கேட்டு எழுந்தது. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981-இல் ஆலை இயங்கிற்று. வந்ததோ கஞ்சமலைக் கல்லை உருக்கும் உலையன்று. வேற்றிடத்து எஃகை வாங்கித் தகடாக்கும் உருட்டாலை! மலையைத் தோண்டலாகாது என அடிவாரத்து உழவர் சொல்வாராயின் அஃது அவர் உரிமை. ஆனால், நடுவண் அரசு அன்று அவரைக் கேட்டா முடிவு செய்தது? மண்ணின் விளைவைப் புறந்தள்ளிய அந் நோக்கே மண்ணின் சொல்லையும் புறந்தள்ளுகின்றது. மழை அரித்திறக்கும் கருமணலை அவ்வூர்ச் சிறுவன் ஈர்ப்புக்கல்லால் அள்ளிவிடுவான். அவன் பள்ளிநூலோ அதனை 'மேக்னடைட்டு' என்று ஒப்புவிக்கச் சொல்கின்றது.