இரும்புக்கை மாயாவிக்கு இன்னொரு பிறவி எதற்கு?

அண்மையில் ஒரு கருத்தரங்கில், இரும்புக்கை மாயாவியை இக்கால வாசகருக்கேற்ப மீட்டுருவாக்க வேண்டும் என்றொரு கட்டுரை வாசிக்கப்பட்டது. தமிழ்ப் பெயர், சென்னைப் பின்னணி, இருண்ட மனம், வண்ணப் பக்கங்கள் ஆகியவையே பரிந்துரைகள். அவை கைதட்டியது. நான் தட்டவில்லை, காரணத்தை அங்கே சொல்ல நேரம் தரப்படாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'இருண்ட மனம்'. 1962-இல் லண்டனின் 'வேலியண்ட்' வார இதழில், கென் பல்மர் எழுத்திலும் ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்திலும் தொடங்கியது 'தி ஸ்டீல் கிளா'. அதன் நாயகன் லூயிஸ் கிராண்டெல் நல்லவனாக அறிமுகமாகவே இல்லை. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் அவன். விபத்தொன்றில் மின்சாரம் பாய, இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துபோகிறது. மறைந்தவன் இறங்கியது திருட்டில். உளவுப் படை வீரனாக அவன் மாறியதெல்லாம் பிற்பாடு. நாம் புதிதாகச் சேர்க்கப்போவதாகச் சொல்லும் இருளிலிருந்துதான் அவன் புறப்பட்டே வந்தான். மூலத்தைத் திறந்து பாராமல் மீட்டுருவாக்கம் பேசுவதை ஆய்வு என்று எப்படி அழைப்பது?

வண்ணத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளையில் வெற்றிடமே கதாபாத்திரம். அதை நிரப்புவது அவரைத் திருத்துவதாகும்.

தமிழ்மயமாக்கம் என்பதுதான் எனக்கு உண்மையில் வியப்பளிக்கிறது. அது 1972-இலேயே நிகழ்ந்துவிட்டது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக, முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த காலத்தில், 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. ஆங்கிலத் தலைப்பு கையை மட்டுமே சொன்னது. தமிழ்த் தலைப்போ காணாமற்போன மனிதனையும் சேர்த்துச் சொன்னது. வாலி துரத்திச் சென்ற அரக்கனின் பெயர் மாயாவி. அரக்கருக்குரிய சொல்லை நாயகனுக்குச் சூட்டிய அந்தத் துணிவு ஒரு தனி ஆய்வுக்குரியது. (இங்கே திருவனந்தபுரத்தில் 'மாயாவி' என்றால் பாலரமாவின் குட்டிச்சாத்தான்தான் நினைவுக்கு வருவான். என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டுச் சிரிக்காத மலையாள நண்பர் இல்லை.)

அந்தத் தமிழ்ப் பனுவல் இன்று எங்கே? நான் தேடிய பல்கலைக்கழக நூலகம் ஒன்றிலும் எழுபதுகளின் இதழ்கள் இல்லை. மட்கும் தாளில் அச்சான அவை தனியார் சேகரிப்புகளில் இருக்கின்றன. மறுபதிப்புகள் வருவது உண்மை. ஆனால் மறுபதிப்பு வேறு, முதற்பதிப்போடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காட்டும் ஆய்வுப்பதிப்பு வேறு. சங்கப் பாடலுக்கு ஓலைச்சுவடி தேடும் துறைகள், ஐம்பதாண்டு முந்தைய இதழுக்கு ஓர் அலமாரி ஒதுக்கத் தயங்குகின்றன.

மேலை நாட்டைச் சான்று காட்டுவோர் அதையாவது முழுமையாகக் காட்டட்டும். ஆலன் மூர் கதைக்கரு தர, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' (2005) பழைய நாயகர்களுக்குப் புதிய உடை தைக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் இவர்கள் எங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று கேட்டது. 2021-இல் ரெபெல்லியன் நிறுவனம் தொடக்கக் கதைகளையே நூலாக்கியது.

1970களின் முத்து காமிக்ஸ் இதழ்கள் உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமோ இருந்தால் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நானே நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு, இதழை உங்களிடமே தந்துவிடுகிறேன்.