மாலை ஆறரைக்கு மேல்

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். அங்கே பகல் வெளிச்சத்துக்காகச் செய்கிற ஏற்பாடு அது. இங்கே சென்னைப் பக்கம் சோழிங்கநல்லூரிலும் நாவலூரிலும் மேடவாக்கத்திலும் ஐ.டி.க்காரர்களின் எத்தனையோ வீடுகளில் பிள்ளை சாப்பிடும் நேரமும் படுக்கும் நேரமும் அன்றோடு மாறிப்போகின்றன. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அவர்களுடைய கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சான்பிரான்சிஸ்கோ கிளையன்ட் என்றால் இரவு 9.30, பிறகு 10.30. யாரோ ஒருவர் ஊர்க் கடிகாரத்துக்கு என் பிள்ளையின் பசியும் தூக்கமும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஐ.டி.யில் கை நிறையச் சம்பளம் என்கிறார்கள். உண்மைதான், வாங்குகிறேன். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், ஊரில் அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் அதில்தான் நடக்கிறது. ஆனால் அந்தச் சம்பளம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதை உள்ளே இருப்பவர்கள் மட்டுமே அறிவார்கள். புதிதாகச் சேர்ந்து கோடு எழுதும் பிள்ளைகளின் வேலை பெரும்பாலும் பகலிலேயே நடந்துவிடும். லீட் ஆகி, மேனேஜர் ஆகி, ஒரு கிளையன்டின் கணக்குக்கே பொறுப்பு என்று ஆன பிறகு பகல் வேலை குறையும், சாயங்காலம் நீளும். கிளையன்ட் விழித்திருக்கும்போது நாமும் விழித்திருந்து, அவர் கேட்ட நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டும். மேலே போகப் போகக் கூடுகிற சம்பளத்தில் பெரும்பகுதி திறமைக்கு அல்ல. அந்தச் சாயங்காலத்துக்குத்தான் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குத் திட்டவட்டமாகத் தெரிகிறது.

அந்தச் சாயங்காலம் யாருடையது? மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது பிள்ளையுடையது. வீட்டுப்பாடம், டைரியில் கையெழுத்து, நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய சார்ட் பேப்பர், சோறு, குளியல். இதெல்லாம்கூட யாராவது செய்துவிடலாம். பிள்ளை பேசுகிற நேரமும் அதுதான். பஸ்ஸில் யார் தள்ளிவிட்டான், மிஸ் ஏன் திட்டினாங்க, யார் தன்னோடு சேரவில்லை என்பதெல்லாம் படுக்கையில் சாய்ந்த பிறகுதான் வாயில் வரும். காலையில் கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்று யூனிபார்ம் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வான். சனி, ஞாயிறில் சேர்த்து வைத்துக் கேட்கலாம் என்று அறிவுரை சொல்கிறவர்கள் பிள்ளை வளர்த்தவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. புதன்கிழமை அழுகை சனிக்கிழமை வரை காத்திருக்காது.

சட்டம் என்ன தருகிறது என்று பார்த்தால், அது கைக்குழந்தையோடு நின்றுவிடுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017இல் திருத்தி, 12 வார விடுப்பை முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். நல்ல சட்டம், அதில் பயனடைந்தவள் நான். ஆனால் நான் பார்த்த காப்பகங்கள் எல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்குள் பூட்டிவிடுகின்றன, சரியாக எங்கள் கிளையன்ட் அழைப்பு சூடு பிடிக்கிற நேரத்தில். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் அங்கே இடமும் கிடையாது. ஆறு மாதக் குழந்தைக்கு அம்மா வேண்டும் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் வேண்டும் என்று சொன்னால், ‘அதான் வளர்ந்துட்டானே’ என்கிறார்கள். அப்பாக்களின் கதை இன்னும் மோசம். மத்திய அரசு ஊழியருக்காவது பிள்ளை பிறந்தால் 15 நாள் உண்டு. தனியார் வேலையில் இருக்கும் ஆணுக்கு அவன் கம்பெனி மனம் வைத்துக் கொடுத்தால் உண்டு. சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது.

அப்புறம் எப்படி நடக்கிறது இத்தனை வீடும்? அம்மாக்களால் நடக்கிறது. என் அம்மாவால் நடக்கிறது.

அம்மா தென்காசிக்காரி. என் பிரசவத்துக்கு வந்தவள். ‘பிள்ளை தவழட்டும்’ என்றாள், ‘நடக்கட்டும்’ என்றாள், ‘பள்ளிக்கூடத்துல சேரட்டும்’ என்றாள். அப்பா அங்கே, அம்மா இங்கே என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு வீட்டையும் பின்னால் இருக்கிற நான்கு தென்னையையும் விட்டு வர மனமில்லை. சென்னை வந்தால் மூன்றாம் நாளே முகம் சுண்டிவிடும். அறுபதைத் தாண்டியபின் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். மற்ற நாளில் மெஸ் சாப்பாடு. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதா என்று அம்மா போனில் கேட்கிறாள். கோயில் கொடைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஓடி வருகிறாள். நாற்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்களைப் பிரித்து வைத்துத்தான் என் வேலை நடக்கிறது என்பதை எந்த அப்ரைசல் படிவத்திலும் எழுத இடமில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சாயங்காலம் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்சுகளைப் பார்த்தால் போதும். காரைக்குடி, கும்பகோணம், பொள்ளாச்சி, நாகர்கோவில் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பாட்டி. மூட்டுவலியோடு பிள்ளை பின்னால் ஓடுகிறார்கள். ஊரில் ரேஷன் கடையில் கைரேகை வைக்க ஆளில்லை, மாடியில் தொட்டி ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரி செத்ததற்குப் போக முடியவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். என் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். சுற்றுலா விசாவில் போனால் வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க விடுவார்கள். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது முதல் ஆறு மாதம் அவன் மாமியார், அடுத்து என் அம்மா. அம்மா அங்கே இருந்த காலத்தில் இங்கே என் மாமியார் வந்து இருந்தார். இந்தத் தலைமுறைப் பாட்டிகளை நாம் ஷிப்ட் முறையில் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம். சம்பளம் இல்லை, வாரவிடுமுறை இல்லை, ராஜினாமா செய்யவும் வழியில்லை. நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகும்போது, ‘நீ போயி பேசு, நான் பாத்துக்கிடுதேன்’ என்று அம்மா சொல்கிறாளே, அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஒரு பெரிய தொழிலே நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். என்னோடு சேர்ந்தவள், என்னைவிட வேகமாக மேலே போயிருக்க வேண்டியவள். அவள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. தாய் முன்பே இல்லை. கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் வளர்ந்தபின் திரும்பி வரப் பார்த்தால், இடைவெளி இருக்கிறதே என்று பழைய சம்பளத்தில் பாதி பேசுகிறார்கள். அவளுக்குத் திறமை குறைந்துவிட்டதா? ஆறரை மணிக்கு வீட்டில் ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

கிளாடியா கோல்டின் என்கிற ஹார்வர்டு பேராசிரியருக்கு 2023இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அமெரிக்காவில் பெண்களின் வேலையையும் கூலியையும் இருநூறு வருஷக் கணக்கோடு ஆராய்ந்தவர். எந்நேரமும் கூப்பிட்டால் வரக்கூடியவருக்கு அள்ளிக் கொடுக்கிற வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்று அவர் சொல்கிறார். ஒரே படிப்புப் படித்த கணவன் மனைவியில் ஒருவர் அந்த வேலைக்குப் போக, இன்னொருவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஓடக்கூடிய வேலைக்கு இறங்குகிறார். இறங்குவது பெரும்பாலும் மனைவி. படித்தபோது என் வீட்டை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போலிருந்தது. அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அவர் காட்டும் மருந்தாளுநர்களின் கதை. அமெரிக்காவில் முன்பு மருந்துக்கடை என்றால் சொந்தக் கடை. முதலாளியே காலை முதல் இரவு வரை நிற்க வேண்டும். பிறகு பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன. மருந்துகள் தரப்படுத்தப்பட்டன. நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. ஒரு மருந்தாளுநர் வீட்டுக்குப் போனால் இன்னொருவர் அதே இடத்தில் நின்று தொடரலாம் என்று ஆனது. நேரத்தைக் குறைத்துக்கொண்டவருக்கு மணிக்கூலி குறையவில்லை. ஆண், பெண் சம்பள வித்தியாசம் சுருங்கியது. அந்தத் தொழிலில் சம்பளமும் சரியவில்லை.

மருந்துக்கடையில் முடிந்தது மென்பொருள் கம்பெனியில் ஏன் முடியாது? எங்கள் தொழிலில்தானே எல்லாமே எழுத்தில் இருக்கிறது? எந்தப் பிழையை யார் எப்போது எடுத்தார், எப்படித் திருத்தினார் என்பது வரை டிக்கெட்டில் பதிவாகிறது. இரவு பகலாக நடக்கிற சப்போர்ட் டீமில் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறது, எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. கொஞ்சம் மேலே வந்ததும், ‘கிளையன்ட் உங்களைத்தான் கேட்பார்’ என்கிறார்கள். கிளையன்ட் கேட்கவில்லை. அவர் முன்னால் இரண்டாவது ஆளை நாம் நிறுத்தவே இல்லை. அதனால் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. இரண்டாவது ஆளைத் தயார் செய்வதற்குக் கொஞ்சம் பணம் ஆகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, அதில் ஒரு பங்கை எனக்குச் சம்பளமாகக் கொடுத்து, பாக்கியை என் அம்மாவின் முழங்காலிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவில் பெரிய மனிதர்கள் வேறு. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளியே வந்தது. ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 15 மணி. அந்தப் பதினைந்து மணி உழைக்கிறவனுக்குச் சோறு பொங்குவது யார், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார் என்ற கேள்வியே அந்தப் பேச்சுகளில் இல்லை. அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. 2019இல் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாளுக்கு 299 நிமிஷமும் ஆண் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். 2024இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. நடுவில் ஒரு பெருந்தொற்று வந்து வீட்டில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை எல்லா ஆண்களுக்கும் கண்முன் காட்டிவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகும் ஆண்களின் நிமிஷம் குறைந்துதான் இருக்கிறது.

என் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இதே தொழில், இதே நேரம். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தால் ஊர் அவரை மெச்சும், ஆபீஸ் அவரை ஒதுக்கும். இரண்டுமே எனக்குக் கோபம் தருகிறது. ‘எப்படி வேலையையும் வீட்டையும் சமாளிக்கிறீங்க’ என்று மகளிர் தினத்தன்று என்னை மேடையேற்றிக் கேட்பார்கள். அவரை ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், குனியக் கூடாது, தூக்கக் கூடாது. கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். அதே மாதம்தான் எங்கள் ரிலீஸ். காலண்டரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ‘அப்பாகிட்ட ஆபரேஷன கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுவமா?’ என்றாள். கூடவே கூடாது என்று சொல்லி, பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் கணவர் தன் மேனேஜரிடம், அந்த மாதம் வாரத்தில் பாதி நாள் ஆறரைக்கு மேல் கிடைக்க மாட்டேன் என்று சொன்னார். ‘ஏன், வீட்ல வேற யாரும் இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார் அவர். மீதி நாள் நான் கிடைக்க மாட்டேன் என்று என் ஆபீசுக்கு மெயில் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: உங்களுக்கு பேக்கப் யார்?

ஒரு வருஷமாக நான் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான். டீமில் இரண்டு பேர் பெயரைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பழைய மெயிலையே இணைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.