குவார்ட்டர்பேக்கை மாற்றினால் போதுமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் முடிந்ததும் வருடா வருடம் ஒரு கூத்து நடக்கும். ஸ்கோர் எடுக்கத் திணறிய அணிகளின் ரசிகர்கள் ஒரே குரலில் ஆரம்பிப்பார்கள்: "வேற காலேஜ்ல இருந்து ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கைக் கொண்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்!" 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல், முதல்முறை கல்லூரி மாறுபவர் ஒரு வருடம் ஆடாமல் உட்காரத் தேவையில்லை என்று விதி தளர்ந்தது. அதிலிருந்து இந்தக் கூச்சல் இன்னும் ஜாஸ்தி.

இவர்கள் சாட்சிக்கு இழுப்பது ஜோ பரோவை. சரி, அவரையே பார்ப்போம்.

ஒஹாயோ ஸ்டேட்டில் முதல் இடம் கிடைக்காத பரோ, 2018-இல் பட்டத்தை வாங்கிக்கொண்டு எல்.எஸ்.யு.வுக்கு வந்தார். அந்த வருடம் 16 டச்டவுன் பாஸ், எறிந்ததில் 57.8 சதவீதம் போய்ச் சேர்ந்தது. மோசமில்லை, ஆனால் யாரும் கோயில் கட்டவில்லை. 2019-இல் அதே ஆள், அதே கல்லூரி: 60 டச்டவுன், 76.3 சதவீதம், ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி, ஹைஸ்மன் விருது, தேசிய சாம்பியன் பட்டம்!

ஒரே வருடத்தில் கை மாறிவிட்டதா என்ன? மாறியது ஆட்டமுறை. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை பந்து பிடிக்க ஓடினார்கள். பந்தோடு ஓடுவதே தொழிலான ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர்கூட 55 பாஸ் பிடித்தார். தடுப்பவர்கள் மைதானம் முழுக்கச் சிதற வேண்டியதாயிற்று. எதிரணி நிற்கும் விதத்தை வைத்தே ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதில் பரோ கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முழு வேலை கிடைத்தது அப்போதுதான். பிடிக்க ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன். அவரைக் காத்து நின்ற ஆஃபென்சிவ் லைன் அந்த வருடம் நாட்டிலேயே சிறந்தது என்று ஜோ மூர் விருது வாங்கியது. தனிமரம் தோப்பாகாது என்பது இதுதான்.

"அதெல்லாம் இல்லை, புது இடம் பழக ஒரு வருடம் ஆகும்" என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். அப்படியானால் பெய்லி ஸாப்பிக்கு என்ன பதில்? ஹூஸ்டன் பாப்டிஸ்ட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து 2021-இல் வெஸ்டர்ன் கென்டக்கிக்கு மாறினார். வந்த முதல் வருடமே 62 டச்டவுன், 5,967 யார்டு. இரண்டுமே கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில் புதிய சாதனை. காரணம் எளிது. அவர் தனியாக வரவில்லை. பழைய கல்லூரியில் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த ஸாக் கிட்லியும் வந்தார். பந்து பிடித்த ஜெரெத் ஸ்டெர்ன்ஸும் வந்தார். மரத்தை வேரோடும் மண்ணோடும் நட்டார்கள், பிழைத்தது.

பல கல்லூரிகள் செய்வதோ வேறு. பழைய பிளேபுக், ஓட்டை விழுந்த லைன், அதன் பின்னால் புதிதாக ஒரு பையன். அவன் மாதக் கணக்கில் அடி வாங்கி விழுவான். பிறகு பழியும் அவன் மேல்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, பயிற்சியாளர் மறுபடி போர்ட்டல் பக்கம் போவார். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையனின் உடம்பும் எதிர்காலமும் இவர்களுக்குப் பரிசோதனைப் பொருளா?

டிரான்ஸ்ஃபர் குவார்ட்டர்பேக் ஒரு அணியை நிச்சயம் தூக்கி நிறுத்த முடியும். ஆனால் அவரிடம் "நீ என்ன செய்வாய்?" என்று கேட்குமுன், "உனக்காக நாங்கள் எதை மாற்றப் போகிறோம்?" என்று கல்லூரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பையனைக் கூப்பிடாமல் இருப்பதே புண்ணியம்.